ஆதாரம் இல்லாத ஆடு

மாப்ள,

காலையிலிருந்து செம்பூரில் மழை. கடையைத் திறந்ததுமே உன் ஆடு நாற ஆரம்பித்துவிட்டது. அரிசி மூட்டைகளுக்கு மேலே, நீ ஆட்டுத்தோலில் வரைந்து ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போன அதே இடத்தில்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் அது பரம சாது. முதல் மழை விழுந்து காற்றில் ஈரம் ஏறியதும் தோலுக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும் போல. திலக் நகரிலிருந்து வரும் வாடிக்கை அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, மூட்டைக்குள்ள எலி கிலி செத்துக் கிடக்கா?" என்று கேட்டாள். "எலி இல்லம்மா, கலை" என்றேன். அவள் துவரம்பருப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதை வேறு கடையில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

அந்த வாசத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உனக்கு ஒரு சேதி. உலகத்தில் எவன் வேண்டுமானாலும் செல்போனில் திறந்து பார்க்கும் கலைக்களஞ்சியத்தில் உனக்கு ஒரு பக்கம் வந்துவிட்டது. நான் சொன்னால் அண்ணாச்சி ஒன்றை ஒன்பதாக்குகிறார் என்பார்கள். இது அப்படியில்லை, உன் மகள் மாலதியே சாட்சி. ஆனால் அந்தப் பக்கம் யார் தோளில் ஏறி நிற்கிறது என்று தெரிந்தால் நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் இரங்கல் கூட்டத்தில் ஆரம்பித்தது இது. மாட்டுங்காவில் நம் தமிழ்ச் சங்கம் வழக்கமாக வாடகைக்கு எடுக்கும் அதே பள்ளிக்கூட ஹால். செயலாளர் மைக்கைப் பிடித்து, உன் இனிஷியலைத் தப்பாகச் சொல்லி, "தாராவியில் பெயிண்டராக வாழ்ந்து மறைந்த நம் அன்பர்" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் குனிந்து, "எந்த பில்டிங்குக்கு அடிச்சாரு?" என்று கேட்டார். நான் எழுந்து, லண்டன் அரண்மனையிலிருந்து உன்னைத் தேடி ஆள் வந்த கதையைச் சொல்லியிருப்பேன். மாலதி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

திரும்பும்போது ரயிலிலேயே அவள் உன் பெயரைப் போட்டுத் தேடினாள். கோயம்புத்தூரில் உன் பெயரில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவர்தான் வந்தார். பக்கம் பக்கமாக அவரும் அவர் கட்டிய பற்களும்தான். "எங்கப்பா எங்கயுமே இல்ல மாமா" என்றாள். குர்லாவில் வண்டி மாறி உட்கார்ந்ததும், "அப்பாவுக்கு ஒரு பக்கம் நான் போட்டே தீருவேன். பத்து வரி போதும். படம் வரைஞ்ச ஆளுன்னு யாராச்சும் படிச்சாப் போதும்" என்றாள்.

உனக்குத் தெரியும், அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கடைக்கு வந்தாள். நான் வாசிக்க, அவள் லேப்டாப்பில் தட்டிக்கொண்டாள். என்னிடம் ஆதாரத்துக்குப் பஞ்சமா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்துவிட்டது என்றாலும், உன்னைப் பற்றி நான் எழுதிய அளவுக்கு இந்த பம்பாயில் எந்தப் பட்டதாரி எழுதினான்? சங்கத்து விழா மலர்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கி அவள் முன்னால் அடுக்கினேன்.

"இதுல அப்பாவப் பத்தி நாலு பக்கம் இருக்கே. சூப்பர் மாமா. யாரு எழுதினது?"

"நாந்தான்."

அவள் தாளை முன்னும் பின்னும் புரட்டினாள். "முன் பக்கம் உங்க கடை விளம்பரம். பின் பக்கம் உங்க கட்டுரை."

"விளம்பரம் கொடுத்தாத்தான் கட்டுரை போடுவான். அது நம்ம சங்கத்து வழக்கம்லா. பெரிய விளம்பரம் கொடுத்தவனுக்கு அட்டையிலயே போட்டோ போடுதான்."

"அரே மாமா, அதான் சல்தா நஹி, செல்லாது. காசு கொடுத்துப் போட்டது கணக்குல வராது. அதுவும் நீங்க அப்பாவோட ஃபிரண்டு. வேண்டப்பட்டவங்க எழுதினத எடுத்துக்க மாட்டாங்க."

"ஃபிரண்டு எழுதாம பின்ன யாரு எழுதுவா? எதிரியா எழுதுவான்?"

விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அடுத்ததாகத் தமிழ்ப் பேப்பரில் வந்த செய்தியை எடுத்துக் காட்டினேன். சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். பின்னால் உன் இடது தோள் தெரிகிறது. கடைசி வரியில், விழாவை முன்னிட்டு ஓவியக் கண்காட்சியும் நடைபெற்றது என்று இருக்கிறது. உன் பெயர் கிடையாது. "இது போற போக்குல சொன்னது மாமா. ஆளப் பத்தி விரிவா இருக்கணும்." சரி என்று, உனக்குச் சங்கம் கொடுத்த 'ஓவியச் செம்மல்' பட்டயத்தைக் காட்டினேன். அதே மேடையில் அன்றைக்குப் பந்தி வைத்த கேட்டரிங்காரருக்கு 'அறுசுவைச் செம்மல்' கொடுத்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. மலரில் அவர் பட்டயம் வாங்கும் போட்டோவைப் பார்த்து அவளே கண்டுபிடித்துவிட்டாள். "சங்கமே விழா நடத்தி, சங்கமே பட்டம் கொடுத்து, சங்கமே மலர்ல எழுதிக்கிட்டது. வெளியாள் யாரு மாமா இதுல?" கேபிள் டிவியில் உன்னைப் பேட்டி எடுத்தார்களே, அதுவும் போயிற்று. அது நீயே உன்னைப் பற்றிச் சொன்னதாம்.

இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி அனுப்பினாள். மகள் அல்லவா, ஒரு நப்பாசை. எங்கேயோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இவர் நல்ல கலைஞராக இருக்கலாம், ஆனால் இவரோடு சம்பந்தம் இல்லாத எவரும் இவரைப் பற்றி விரிவாக எழுதியதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே பக்கம் வைக்க இயலாது.

சம்பந்தம் இல்லாதவர். இதை நான் எத்தனை நாள் மென்றுகொண்டிருந்தேன் தெரியுமா மாப்ள? தாராவியில் உன்னோடு சம்பந்தம் இல்லாதவன் எவன்? தண்ணீர் பைப்படியில் நின்றவளெல்லாம் உன் படத்துக்குள் நின்றவள். தோல் பட்டறையில் மூட்டை மேல் படுத்துத் தூங்கியவனெல்லாம் உன் படத்தில் தூங்கியவன். உன்னைத் தெரிந்த ஒருத்தனும் உனக்குச் சாட்சி ஆக முடியாது என்றால், தெரியாதவன் எதற்காக உன்னைப் பற்றி எழுதப்போகிறான்?

மாலதி அதையே என்னிடம் திருப்பிக் கேட்டாள். "நல்லா யோசிங்க மாமா. முன்ன பின்ன தெரியாத ஆளு யாராச்சும் அப்பாவப் பத்தி எழுதியிருக்காங்களா?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வாயில் வரத்தான் நேரமாயிற்று. "ஒருத்தன் எழுதினான். மராட்டிப் பேப்பர்ல. ஆனா அவன் உங்கப்பாவ நார் நாராக் கிழிச்சவன்மா."

அவள் முகம் மாறும் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு. "எவ்வளவு நீளம் மாமா?"

அந்தக் கண்காட்சியை நீ மறந்திருக்க மாட்டாய். ஹாலில் இருந்து பந்திக்குப் போகும் பக்கவாட்டு அறையைத்தான் உனக்கு ஒதுக்கினார்கள். ஒரு பக்கம் செருப்பு, ஒரு பக்கம் உன் படங்கள். உண்ணி கடித்துப் புள்ளி விழுந்து, கம்பி கிழித்துத் தழும்பு விழுந்து, ஏற்றுமதிக்கு ஆகாது என்று பட்டறையில் ஒதுக்கிய ஆட்டுத்தோல்கள். அந்தத் தழும்பையும் புள்ளியையும் விட்டுவிடாமல் அதைச் சுற்றியே நீ வரைந்த ஆட்கள். நம் ஜனம் இலை போட்டாச்சா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, "பிரமாதம், பிரமாதம்" என்று சொல்லி நடந்தது. ஒருத்தரும் நிற்கவில்லை.

அப்போதுதான் அந்தத் தாடிக்காரர் வந்தார். கவர்னர் மாளிகைக் காரில் வந்து இறங்கினார் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் எதற்கு? மாட்டுங்காவுக்கு இட்லி சாப்பிட வந்த மனிதர், மழைக்கு ஒதுங்கினார். ஒதுங்கியவர் போகவில்லை. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, மூக்கு படும் அளவுக்குப் பார்த்தார். பந்தி முடிந்து இலை எடுக்கும்வரை பார்த்தார். நான் சும்மா இருப்பேனா, ஏழு மொழியிலும் அரிசி விற்றவன். சுத்தமான மராட்டியில், "லண்டன்ல இதுக்கெல்லாம் கியூல நிக்கிறாங்க சாகேப்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். பெரிய விமர்சகர் என்று பிறகுதான் தெரிந்தது.

தாதரில் உள்ள ஒரு மராட்டி நூலகத்தில் பழைய பேப்பர்களை பைண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். மாலதியும் நானும் போனோம். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள், அன்றைக்கு மராட்டியை மடமடவென்று வாசித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு மலரில் அரைப் பக்கத்துக்கு மேல் இருந்தது.

பைப்படியில் நிற்கும் பெண்ணின் கழுத்து, அவளுக்குப் பின்னால் நிற்கும் வரிசையைவிட நீளம் என்று எழுதியிருந்தார். குழாயிலிருந்து தண்ணீர் விழவில்லை, தோலில் இருந்த தழும்பு விழுகிறது, வரையத் தெரியாத இடத்தில் செத்துப்போன ஆட்டின் காயத்தைக் கடன் வாங்குகிறார். மூட்டை மேல் தூங்குகிறவனுக்கு மேலே உண்ணி கடித்த புள்ளிகளை நட்சத்திரம் என்று விட்டிருக்கிறார், வானத்துக்கும் உண்ணிக்கும் இவருக்கு வித்தியாசம் கிடையாது. லோக்கல் ரயிலின் வாசலில் தொங்குகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே மூக்கு, அது ஓவியருடைய சொந்த மூக்கு. ஒரு கிழவி கண்ணை மூடி இருக்கிறாள், கண் வரைய வராததால் மூட வைத்துவிட்டார், பாவம், அவளுக்கு இனி எப்போது விழிப்பு? கடைசியில், இந்தத் தோல்கள் இரண்டு மழைக்காலம் தாங்காது, கலை உலகம் பயப்பட வேண்டாம் என்று முடித்திருந்தார்.

நடுவில் நானும் இருக்கிறேன். வாசலில் நின்ற கனத்த குரல் மளிகைக்காரர் ஒருவர் லண்டன் இவற்றைக் கேட்பதாகச் சொன்னார், லண்டன் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். அப்படி எழுதியிருந்தார். எப்படியோ அச்சில் ஏறினேன்.

வாசித்து முடித்ததும் மாலதி பைண்டை மூடினாள். நூலகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். "இதையா நான் போடணும்? அப்பாவக் கேலி பண்ணி எழுதினத வெச்சுத்தான் அப்பா ஆர்ட்டிஸ்ட்னு காட்டணுமா? வேணாம் மாமா. பல் டாக்டரே இருக்கட்டும்."

அவளைக் கிளப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தப் பேப்பர் வந்த ஞாயிற்றுக்கிழமை உன் பட்டறை வாசலில் நடந்ததைச் சொன்னேன். நீ முழங்கை வரை நீலச் சாயத்தோடு வெளியே வந்தாய். நான் பேப்பரை விரித்து வாசித்தேன். கழுத்து நீளம் என்று இருந்த இடத்தில், "அன்னம் மாதிரி கழுத்துன்னு எழுதிருக்கான் மாப்ள" என்றேன். நீ என் மூஞ்சியைப் பார்த்தாய். "மாப்ள, நீ சீனி போடாத. அவம் எழுதுனத வாசி" என்றாய். வாசித்தேன். ரயில்காரர்களின் மூக்கு வந்ததும் நீ உன் மூக்கைத் தடவிப் பார்த்தாய், அதில் நீலம் ஒட்டிக்கொண்டது. கிழவியின் கண் வந்ததும் சிரித்துவிட்டாய். "எனக்குக் கண்ணு வராதுன்னு கரெக்டாக் கண்டுபிடிச்சிட்டாம் பாத்தியா" என்றாய். நான் அந்தத் தாடிக்காரரை ஏழு மொழியிலும் வைதேன். நீ என்னை நிறுத்தினாய்.

"வையாத. திட்டுனாலும் ஒவ்வொண்ணா நின்னு பாத்துட்டுல்லா திட்டிருக்காம். நம்ம ஆளுவ பிரமாதம்னு சொல்லிட்டு சாம்பாருக்குல்லா ஓடுனானுவ."

மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நெஜமா மாமா? இல்ல, இதுவும் உங்க சீனியா?"

"உங்கப்பா மேல சத்தியம்."

அவள் எழுந்து உள்ளே போய் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அந்தத் திட்டைப் படித்துவிட்டு, இவ்வளவு மோசமாகவா இருக்கும் என்று பார்க்கவே தாராவிக்கு வந்து, உன் அறையில் உட்கார்ந்து டீ குடித்து, இங்கிலீஷ் பேப்பரில் நீளமாக எழுதிய அம்மாளை நினைவிருக்கிறதா? கழுத்து விஷயத்தில் தாடிக்காரர் தப்பு, ரயில் விஷயத்தில் சரி என்று எழுதினாளே. மாலதி அதையும் தேடிப் பிடித்தாள். அந்த இரண்டும் போதும் என்று ஆகிவிட்டது. புகழ வேண்டும் என்று சட்டம் இல்லையாம். சம்பந்தம் இல்லாத ஆள் நின்று பார்த்து நிறைய எழுதியிருந்தால் சரியாம். முகம் தெரியாத அந்த ஆசாமி இந்தத் தடவை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

பக்கம் வந்த பிறகு செயலாளர் எனக்கு போன் போட்டார். "என்ன அண்ணாச்சி, சங்கத்துப் பேரே அதுல காணோம். அவருக்குப் பட்டம் கொடுத்ததே நாங்கதானே. போயும் போயும் திட்டினவன் பேரப் போட்டு வெச்சிருக்கீங்க."

"நீங்க அந்தப் படத்துல ஒண்ணாவது எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க செயலாளரே. உங்க பேரையும் சேக்கச் சொல்லுதேன்" என்றேன்.

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

அவரால் சொல்ல முடியாது. மராட்டிப் பேப்பரில் நாறடித்துவிட்டான் என்று மறுவருடமே உனக்கு அறை இல்லை என்றவர் அவர். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்ததும் சுவர் முழுக்க உன் படம்தான் என்று சொல்லி எல்லாவற்றையும் உன்னிடமிருந்து வாங்கி, பள்ளிக்கூட மேடைக்கு அடியில் திணித்து வைத்தவரும் அவர்தான். அடுத்து வந்த மழையில் மேடைக்கு அடியில் தண்ணீர் ஏறியது. உனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் குப்பை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நாம் போய்க் கேட்டபோது, "நாத்தம் தாங்கல, பிள்ளைங்க படிக்கிற எடம் பாருங்க" என்றார். இரண்டு மழைக்காலம் தாங்காது என்று தாடிக்காரர் எழுதியது பலித்தது. தோலைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் போட்டுத் துடைத்திருந்தால் எல்லாம் இருந்திருக்கும்.

நீ அவரிடம் சண்டை போடவில்லை. நேரே என் கடைக்கு வந்தாய். ஆட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். பூசணம் பிடித்த ஓரத்தை உன் வேட்டி நுனியால் துடைத்தாய். "இது ஒண்ணுதான் மிச்சமா" என்று கேட்டாய். நான் ஏதாவது பெரிதாகச் சொல்லி உன்னைத் தேற்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீ தோலைத் தொட்டது பட்டறை வேலைக்கு மட்டும்தான்.

அந்தச் செயலாளரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தாடிக்காரரையும்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்கு எத்தனை பெரிய பக்கம் இருக்கிறது தெரியுமா? ஆனால் அவர் எழுதியது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பருப்பு அளக்கும்போது அதுவாக வாயில் வருகிறது. கழுத்து வரிசையைவிட நீளம் என்று சொன்னால் போதும், பைப்படியில் அந்தப் பெண் குடத்தோடு வந்து நின்றுவிடுகிறாள். வானத்துக்கும் உண்ணிக்கும் வித்தியாசம் கிடையாது என்றால் மூட்டை மேல் அவன் தூங்குகிறான். என் நாலு பக்கக் கட்டுரையை எடுத்து வாசித்துப் பார்த்தேன் மாப்ள. லண்டன் இருக்கிறது, அரண்மனை இருக்கிறது, நீ சூரியனாக இருக்கிறாய், சந்திரனாக இருக்கிறாய். ஒரு படம்கூட இல்லை.

போன வாரம் மாலதி கடைக்கு வந்தாள். இந்த ஆட்டையும் பக்கத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அது கண்காட்சிக்கே போகவில்லை, அன்றைக்கும் என் கடையில்தான் தொங்கியது. அவள் ஆட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதப் பத்தி யாரும் எழுதலயே மாமா."

"இது இங்கன இருக்குல்லா."

"இருந்தாப் போதாது மாமா."

அழிந்துபோனவற்றுக்கெல்லாம் ஆதாரம் இருக்கிறது. இருக்கிற ஒன்றுக்கு இல்லை. ஆகவே உன் பக்கத்தில் இந்த ஆடு கிடையாது. ஈரத்தில் அதன் கழுத்துச் சாயம் கொஞ்சம் கரைந்து, நீ விட்டுவைத்த தழும்பு இன்னும் நன்றாகத் தெரிகிறது. சற்று முன் ஸ்டூல் போட்டு ஏறி, பூசணத்தைத் துடைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படும் அளவுக்குக் கிட்டத்தில் பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அப்படிப் பார்க்கிறேன்.

ஆட்டுக்கும் கண் மூடித்தான் இருக்கிறது.